சப்பாத்திக்கள்ளி வளர்ப்பு

சப்பாத்திக்கள்ளி வளர்ப்பு என்பது, ஒப்பன்சியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த கள்ளிச் செடிகளை வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ தொட்டியிலோ நட்டுப் பேணுவதைக் குறிக்கும். தட்டையான சதைப்பற்றுள்ள தண்டும், மஞ்சள் நிறப் பூவும், கருஞ்சிவப்புப் பழமும் கொண்ட இச்செடி தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் வேலியோரங்களிலும் புறம்போக்கு நிலங்களிலும் தானாகவே வளர்ந்து காணப்படுகின்றது. தானாக வளரும் செடிக்கு வளர்ப்பு முறை எதற்கு என்ற கேள்வி இயல்பானது. வேலியோரத்தில் அழியாமல் நிற்கும் இதே செடி, வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் ஒரே மழைக்காலத்தில் அழுகி விடுகின்றது. மறுபுறம், கவனமின்றி நடப்பட்ட ஒரு மடல் சில ஆண்டுகளில் பக்கத்து நிலத்தையும் பிடித்துக்கொள்கின்றது. இவ்விரண்டையும் தவிர்ப்பதே இவ்வளர்ப்பின் அடிப்படை ஆகும்.

இக்கட்டுரை பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் அமைந்துள்ள அரும்பாவூரையும், அதனைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளையும் முன்னிறுத்தி எழுதப்பட்டுள்ளது. மண்ணும் மழையும் ஒத்த பிற இடங்களுக்கும் இது பொருந்தும்.

பெயர்

தட்டையான தண்டு சப்பாத்தியைப் போன்று இருப்பதால் இப்பெயர் வந்தது என்று பொதுவாகக் கூறுவர். சப்பாத்துக்கள்ளி என்ற வடிவமும் வழக்கில் உண்டு. சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. இலங்கைத் தமிழில் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. தண்டின் ஒரு துண்டைப் பார்க்கும்போது சப்பாத்தியைவிடக் காலணியின் அடிப்பாகமே நினைவுக்கு வருவதை மறுக்க இயலாது. படமெடுத்த பாம்பின் தோற்றத்தை ஒட்டி நாகதாளி என்ற பெயரும் வழங்குகின்றது.

கள்ளி என்ற சொல் பற்றி ஒரு தெளிவு தேவை. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தை வருணிக்கும் இடங்களில் வரும் கள்ளி, சப்பாத்திக்கள்ளி அன்று. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த, பால் வடியும் கள்ளியாகும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை இவ்வகையின. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவுக்கு வந்தது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, சிறு கீறல் ஒன்று போட்டுப் பார்ப்பதாகும். வெண்மையான பால் வடிந்தால் அது சப்பாத்திக்கள்ளி இல்லை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கக்கூடிய நஞ்சு என்பதால், இச்சோதனையைக் கண்ணுக்கு அருகில் வைத்துச் செய்தல் கூடாது. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பாலுக்குப் பதிலாக நிறமற்ற வழவழப்பான சாறே வெளிப்படும்.

செடியின் இயல்பு

இச்செடியில் இலை என்று பலரும் கருதும் தட்டையான பகுதி உண்மையில் தண்டாகும். இது மடல் அல்லது மட்டை எனப்படும். உண்மையான இலைகள் இளம் மடலில் சிறு கூம்புகளாகத் தோன்றிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். இலை இல்லாமையால் ஒளிச்சேர்க்கை முழுவதையும் பச்சை நிறத் தண்டே மேற்கொள்கின்றது.

மடலின் மேல் ஒழுங்கான இடைவெளியில் சிறு மேடுகள் காணப்படும். முள், பூ, புதிய மடல், வேர் ஆகிய அனைத்தும் இம்மேடுகளிலிருந்தே தோன்றுகின்றன. மடலின் எந்தப் பகுதி மண்ணைத் தொட்டாலும் வேர் விடுவதற்கு இதுவே காரணம். இம்மேடுகளில் இரு வகை முட்கள் உள்ளன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பெரிய முள். மற்றது மயிர் போன்ற நுண்முள். கொத்துக் கொத்தாக இருக்கும், தொட்டவுடன் கழன்று தோலில் இறங்கும். இதன் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் எளிதில் வெளிவராது. பெரிய முள்ளைக் கண்டு அஞ்சுவோர் நுண்முள்ளைக் கவனிப்பதில்லை. வீட்டு வளர்ப்பில் ஏற்படும் தொல்லைகளில் பெரும்பங்கு நுண்முள்ளாலேயே வருகின்றது.

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கும். சப்பாத்திக்கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கின்றது. இரவில் பெற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் சூரிய ஒளி கிடைத்ததும் அதைப் பயன்படுத்துகின்றது. இம்முறை கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் எனப்படும். இதன் விளைவை நாவாலும் அறியலாம்: உண்ணும் வகை இளமடல்கள் விடியற்காலையில் புளிப்பாகவும் மாலையில் புளிப்புக் குறைந்தும் இருக்கும். மடலை உணவாகக் கொள்ளும் மெக்சிக்கோ நாட்டில் அறுவடை நேரம் சுவையைப் பாதிப்பது இதனால்தான்.

வேர்கள் ஆழமாகச் செல்லாமல் மேல்மண்ணில் பரவுகின்றன. சிறு தூறல் பெய்தாலும் நீரை விரைவாக உறிஞ்சி மடலில் சேர்த்து வைப்பதற்கு இது உதவுகின்றது. தொட்டியில் ஆழத்தைவிட அகலம் முக்கியம் என்பது இதிலிருந்து பெறப்படும்.

தமிழகத்துக்கு வந்த வரலாறு

இச்செடியின் வரலாறு சாயத் தொழிலோடு பின்னிப் பிணைந்தது. கோச்சினீல் என்னும் சிறு பூச்சி சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றது. அதன் உடலிலிருந்து கார்மைன் எனப்படும் உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். எசுப்பானியர் மெக்சிக்கோவிலிருந்து இச்சாயத்தைப் பெற்றுப் பெரும் வணிகம் நடத்தினர். அவ்வணிகத்தில் பங்கு பெற விரும்பிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையில் இப்பூச்சியை வளர்க்க முற்பட்டது. கம்பெனியின் மருத்துவரும் தாவர ஆர்வலருமான சேம்சு ஆண்டர்சன் 1780களின் இறுதியில் இதற்கெனச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அத்தோட்டத்தைக் கவனித்து வந்தார்.

1795 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கப்பல் வழியாகக் கோச்சினீல் பூச்சி வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வந்தது சாயத்துக்குரிய உயர்ந்த இனம் அன்று. தரம் குறைந்த காட்டினமே வந்தது. சாயத் தொழில் வளரவில்லை. ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அப்பூச்சி ஒப்பன்சியா மோனகாந்தா என்னும் கள்ளி இனத்தைத் தின்று அழித்தது. இதைக் கண்ட அதிகாரிகள், களையாகப் பெருகியிருந்த அக்கள்ளியை ஒழிப்பதற்காகவே 1836–1838 காலப்பகுதியில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்தனர். பின்னர் இலங்கைக்கும் அது கொண்டு செல்லப்பட்டது. ஒரு களைச்செடியைப் பூச்சியைக் கொண்டு கட்டுப்படுத்திய, பதிவில் உள்ள மிக முந்தைய நிகழ்வுகளில் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

எனினும் இப்பூச்சி ஒப்பன்சியா டில்லெனி என்னும் மற்றோர் இனத்தைத் தொடவில்லை. அந்த இனம் தமிழகத்தின் மேய்ச்சல் நிலங்களிலும் தரிசுகளிலும் தொடர்ந்து பரவியது. 1926 ஆம் ஆண்டில் வேறொரு கோச்சினீல் இனம் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் சுமார் 40,000 எக்டேர் நிலத்தில் கள்ளி அழிந்தது. இன்று ஊர்ப்புறங்களில் ஆங்காங்கே எஞ்சி நிற்கும் புதர்கள், அப்பேரழிவுக்குத் தப்பியவற்றின் வழித்தோன்றல்களே எனலாம்.

வட இந்தியாவில் இச்செடிக்கு வேறொரு பயன் இருந்தது. உப்பு வரியைக் காக்க ஆங்கிலேயர் அமைத்த சுங்க வேலி பல நூறு மைல்களுக்கு முட்செடிகளால் ஆனது. வறண்ட இடங்களில் சப்பாத்திக்கள்ளியும் அதில் நடப்பட்டது. அவ்வேலி 1879 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

வளர்ப்புக்கு உரிய இனங்கள்

தமிழகத்தில் இயல்பாகக் கிடைப்பது ஒப்பன்சியா டில்லெனி ஆகும். நீண்ட, வளைந்த மஞ்சள் முட்களும், மஞ்சள் பூவும், உள்ளும் புறமும் கருஞ்சிவப்பான பழமும் இதன் அடையாளங்கள். கடினமானது, ஆனால் வீட்டுக்கு ஏற்றது அன்று. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைத் தவிர்ப்பதே நல்லது.

உலகெங்கும் பழத்துக்காகப் பயிரிடப்படுவது ஒப்பன்சியா ஃபைக்கசு-இண்டிகா என்னும் இனம். மடல்கள் பெரியவை, பெரிய முள் இல்லாத வகைகள் உள்ளன. அமெரிக்கத் தாவர வல்லுநர் லூதர் பர்பாங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முள்ளற்ற வகைகளை வெளியிட்டுப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். இந்தியாவிலும் கால்நடைத் தீவனத்துக்காக முள்ளற்ற வகைகள் ஆய்வு நிலையங்களில் வளர்க்கப்படுகின்றன. வீட்டில் நட விரும்புவோருக்கு இவ்வினமே முதல் தெரிவாக இருக்கத் தக்கது. முள்ளற்றது என்ற சொல்லைக் கேட்டு ஏமாறுதல் கூடாது: பெரிய முள் இல்லாவிடினும் நுண்முள் பெரும்பாலும் இருக்கும்.

செடிக்கடைகளில் முயற்காதுக் கள்ளி என்ற பெயரில் விற்கப்படும் சிறிய இனம் ஒப்பன்சியா மைக்ரோடேசிசு ஆகும். புள்ளிப் புள்ளியாகப் பஞ்சு ஒட்டியது போன்ற இதன் அழகே ஆபத்தானது. அப்புள்ளிகள் அனைத்தும் நுண்முட் கொத்துகளாகும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட முட்கள் இருக்கக்கூடும். குழந்தைகள் தடவிப் பார்க்க விரும்பும் தோற்றம் கொண்டது என்பதால், கைக்கு எட்டும் உயரத்தில் இதை வைக்கலாகாது.

அரும்பாவூர்ப் பகுதியின் மண்ணும் மழையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 முதல் 950 மில்லிமீட்டர் வரை ஆகும். இதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும். கோடை வெப்பம் இச்செடிக்குப் பொருட்டன்று. ஆண்டின் ஒரு பகுதியில் ஒருசேரப் பெய்யும் மழையும், அதைப் பிடித்து வைக்கும் மண்ணுமே சிக்கல்.

இப்பகுதியில் செம்மண்ணும் கரிசல் மண்ணும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உகந்த கரிசல் மண், ஈரத்தில் உப்பி, நீரை வாரக்கணக்கில் தேக்கி வைக்கும். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். சப்பாத்திக்கள்ளியின் மேல்வேர்களுக்கு இவ்விரண்டும் தீங்கானவை. எனவே கரிசல் நிலத்தில் நேரடியாக நடாமல், சரளையும் செம்மண்ணும் கொட்டி ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு அமைத்து அதன்மேல் நடுதல் வேண்டும். செம்மண்ணும் சரளையும் கலந்த சரிவு நிலங்களில் இத்தகைய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் மிகுந்த நிலங்கள் உண்டு. அங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு அதுவே மூலப்பொருள். பல தோட்டச் செடிகள் சுண்ணாம்பு மண்ணில் வெளிறிப்போகும். சப்பாத்திக்கள்ளி அதைத் தாங்கி வளரக்கூடியது.

தொட்டி மண்

தொட்டிக்குரிய கலவையைச் செம்மண் இரண்டு பங்கு, பரு மணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்ற அளவில் தயாரிக்கலாம். எம்-சாண்டு பயன்படுத்துவதாயின் முதலில் நீரில் அலசிப் பொடியை நீக்க வேண்டும். அப்பொடி தொட்டியின் அடியில் படிந்து சிமெண்டு போல் இறுகி விடும். உடைந்த செங்கல் துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் சிறிது கலந்துகொள்ளலாம். கலவை சரியாக உள்ளதா என்பதை அறிய, தொட்டியில் ஒரு சொம்பு நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் மேலே தேங்கி நிற்காமல் ஓரிரு நிமிடங்களில் அடித்துளை வழியே வெளியேற வேண்டும்.

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். இச்சிற்பங்களுக்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஊரில் மரத்தூளும் இழைப்புச் சுருளும் எளிதில் கிடைப்பதால் அவற்றைத் தொட்டி மண்ணில் கலக்கும் எண்ணம் எழலாம். அது கள்ளிக்கு ஏற்றதன்று. மக்காத மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

தொட்டி சுட்ட மண்ணால் ஆனதாக இருத்தல் சிறப்பு. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதோடு, எடை மிகுதியால் எளிதில் சாயாது. நான்கைந்து மடல் உயரம் வளர்ந்த கள்ளி தலைக்கனம் மிக்கது. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கப்பட்ட தொட்டி ஆடிக் காற்றில் கீழே விழுந்தால், விழுவது தொட்டி மட்டுமன்று, முட்களும்தான். ஆகவே மாடியில் வளர்ப்போர் தொட்டியைத் தரையிலேயே வைத்தல் வேண்டும்.

மடல் நடுதல்

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதையுறை கடினமானது, முளைப்பு மெதுவானது, பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். மடல் நடுதலே எளிய முறை.

ஓராண்டு முதிர்ந்த, நோயற்ற மடலை இணைப்பில் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். காகிதத்தைப் பல மடிப்பாக மடித்து மடலைச் சுற்றிப் பிடித்தால் கையில் முள் ஏறாது. துணிக் கையுறையில் நுண்முள் தங்கிவிடும் என்பதால் இடுக்கியோ காகிதமோதான் பாதுகாப்பானது. வெட்டிய மடலை உடனே நட்டுவிடுதல், புதிதாக வளர்ப்போர் செய்யும் முதல் பிழை. வெட்டுவாய் ஈரமாக இருக்கும் நிலையில் மண்ணில் வைத்தால் பூஞ்சை புகுந்து அழுகல் தொடங்கும். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும். அதன் பின்னரே நட வேண்டும்.

மடலின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நிமிர்த்தி நடுதல் போதுமானது. மடலின் அகன்ற முகங்கள் கிழக்கும் மேற்கும் நோக்கி இருந்தால் காலை, மாலை வெயில் இரு முகங்களிலும் விழும். நண்பகலின் கடும் வெயில் விளிம்பில் மட்டும் படும். நட்டபின் முதல் இரண்டு வாரம் நீர் ஊற்றத் தேவையில்லை. வேரற்ற மடல் நீரை உறிஞ்ச இயலாது; தன்னுள் உள்ள நீரைக் கொண்டே வேர் விடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும். இலேசாக அசைத்தால் மடல் எதிர்ப்புக் காட்டும், அதுவே அறிகுறி. அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பது இளவேரை அறுக்கும்.

இப்பகுதியில் நடவுக்கு ஏற்ற காலம் தை, மாசி மாதங்களாகும். பெருமழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் நட்டவை பெரும்பாலும் அழுகுகின்றன.

நீரும் ஒளியும்

நிலத்தில் நட்டு ஓராண்டு கடந்த செடிக்கு இப்பகுதி மழையே போதுமானது. தொட்டிச் செடிக்குக் கோடையில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை நீர் ஊற்றலாம். நாள் கணக்கைவிட மண்ணைப் பார்த்து முடிவு செய்வது மேல். ஒரு குச்சியை இரண்டு அங்குல ஆழம் செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் நீர் ஊற்றலாம். ஊற்றும்போது தொட்டி முழுவதும் நனையுமாறு ஊற்றி, பின் முழுவதும் காய விட வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிக்கும் பழக்கம் தீங்கானது. அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது.

மடல் சுருங்கி மெலிந்து தோன்றினால் அது தாகம். நீர் ஊற்றிய சில நாளில் தேறிவிடும். அடிப்பகுதி மஞ்சளாகிக் குழைந்தால் அது மிகைநீர், தேறுவது அரிது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, அழுகும் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவதால்தான் பல தொட்டிச் செடிகள் இறக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கோ மழை படாத வெயில் உள்ள இடத்துக்கோ மாற்றுவது, ஓராண்டு முழுவதும் செய்யும் வேறெந்தப் பராமரிப்பையும்விடப் பயன் மிக்கது.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. வரவேற்பறை மூலையில் வைக்கப்பட்ட கள்ளி சாகாது, ஆனால் புதிய மடல்கள் வெளிறி, நாக்கு போல் நீண்டு, தொங்கி வளரும், பூக்காது. அவ்வாறு நீண்ட மடல் மீண்டும் அகலமாவதில்லை, வெட்டி நீக்க வேண்டும். நிழலில் இருந்த செடியைத் திடீரெனச் சித்திரை வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெண்திட்டுகள் உண்டாகும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

உரம் அதிகம் தேவையில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். யூரியா இட்டால் மடல்கள் விரைவாகப் பருத்து, நீர் மிகுந்து, மழையில் எளிதில் அழுகும்.

பூவும் பழமும்

முதிர்ந்த மடலின் மேல் விளிம்பில் கோடையை ஒட்டிப் பூக்கள் தோன்றும். ஒவ்வொரு பூவும் ஓரிரு நாளே நிலைக்கும். பூத்த செடி வீட்டில் இருந்தால் மாணவர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். மெல்லிய துரும்பால் மகரந்தத் தாள்களைத் தொட்டால், அவை சில நொடிகளில் உட்பக்கமாக வளையும். பூவுக்குள் நுழையும் வண்டின் உடலில் மகரந்தம் நன்கு ஒட்டுவதற்கான ஏற்பாடு இது என விளக்கப்படுகின்றது.

பழத்தின் தோலிலும் நுண்முள் உண்டு. நாட்டுப்புறத்தில் பழத்தை மணலில் அல்லது கல்லில் தேய்த்தும், நெருப்பில் வாட்டியும் முள்ளை நீக்குவர். இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் கீறித் தோலை உரித்து, உள்ளிருக்கும் சதையை மட்டும் உண்ண வேண்டும். உரிக்கும் வரை பழத்தை இடுக்கியால் பிடிப்பது நல்லது.

பழத்தின் சிவப்பு நிறம் பீட்டலெயின் என்னும் நிறமியால் வருவது. பீட்ரூட்டுக்கு நிறம் தருவதும் இதுவே. இப்பழத்தை மிகுதியாக உண்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். இரத்தம் என்று அஞ்சுவது உண்டு. பழத்தால் வந்ததாயின் ஓரிரு நாளில் தானே தெளியும். தெளியாவிடில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விதைகள் கடினமானவை. பெருமளவில் விதையோடு விழுங்கினால் கடும் மலச்சிக்கலும், அரிதாகக் குடல் அடைப்பும் ஏற்படும். குழந்தைகளுக்குச் சாற்றை வடிகட்டிக் கொடுப்பதே முறை.

அண்மைக் காலத்தில் இப்பழம் நீரிழிவு முதல் புற்றுநோய் வரை அனைத்தையும் தீர்க்கும் என்ற செய்திகள் பரவி, சில நகரங்களில் அதிக விலைக்கும் விற்கப்படுகின்றது. பழத்தில் உயிர்ச்சத்து சியும் நார்ச்சத்தும் இருப்பது உண்மை. மடலை உணவோடு உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைவதாகச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர், மருந்தோடு சேர்ந்து சர்க்கரை அளவு மிகவும் தாழக்கூடும் என்பதால், நாள்தோறும் உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நுண்முள் தைத்தால்

தைத்த இடத்தைத் தேய்ப்பதும் வாயால் கடித்து எடுக்க முயல்வதும் தவறு. தேய்த்தால் முள் முறிந்து உள்ளே தங்கும். வாயில் எடுத்தால் நாக்கில் தைக்கும். முதலில் நல்ல வெளிச்சத்தில் சிறு இடுக்கியால் கொத்தாக உள்ளவற்றை எடுக்க வேண்டும். எஞ்சியவற்றுக்கு, மரவேலைக்கும் காகித வேலைக்கும் பயன்படும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் வலைத்துணியை ஒட்டி, அரை மணி நேரம் உலரவிட்டு உரித்தெடுத்தால் பெரும்பாலான முட்கள் பசையோடு வந்துவிடும். நொடியில் ஒட்டும் கடும் பசையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

நீக்கப்படாத நுண்முள் சில நாளில் அரிப்புடன் கூடிய சிறு கொப்புளங்களை உண்டாக்கும். பழம் பறிக்கும் தொழிலாளரிடம் இது பரவலாகக் காணப்படுவதுடன், சொறிநோய் எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. கண்ணில் முள் பட்டால் கசக்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு அங்கு இடமில்லை.

நோயும் பூச்சியும்

அழுகல் கண்டால், நல்ல பசுமை தெரியும் வரை அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுடுநீரிலோ சாராயக் கரைசலிலோ துடைத்து, வெட்டுவாயில் கந்தகத் தூள் தூவி உலரவிட வேண்டும். அடித்தண்டே அழுகியிருந்தால் செடியைக் காப்பது வீண். மேலுள்ள நல்ல மடல்களை எடுத்துப் புதிதாக நடலாம். முதிர்ந்த செடியின் அடிப்பாகம் பழுப்பாகிப் பட்டை போல் காய்வது நோய் அன்று, இயல்பான முதிர்ச்சி.

மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் தோன்றினால் அது மாவுப்பூச்சியாகவோ கோச்சினீல் பூச்சியாகவோ இருக்கலாம். குச்சியால் நசுக்கிக் காகிதத்தில் தேய்த்தால், கோச்சினீல் ஆழ்ந்த சிவப்புக் கறையை விடும். சென்னையில் ஆண்டர்சன் தேடிய சாயத்தின் தாழ்ந்த உறவு அது. தொட்டிச் செடியில் இதனை விட்டுவைத்தால் சில மாதங்களில் செடி அழியும். வலுவான நீர்ப்பீச்சலால் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்த நீரை மாலையில் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு முறை செய்தால் கட்டுப்படும்.

பரவலைத் தடுத்தல்

ஆத்திரேலியாவுக்கு 1788 இல் சாயப் பூச்சிக்காகவே கள்ளி கொண்டு செல்லப்பட்டது. பிற இனங்கள் வேலிக்காகவும் அழகுக்காகவும் பின்னர் வந்தன. 1920களில் குயின்சுலாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் சுமார் 2.4 கோடி எக்டேர் நிலம் கள்ளியால் மூடப்பட்டிருந்தது. குடியேறிய உழவர்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினர். அர்கெந்தீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட காக்டோபிளாசிடிசு என்னும் அந்துப்பூச்சியின் புழுக்களே இறுதியில் அக்கள்ளியை அழித்தன. இலங்கையில் அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள புந்தல தேசியப் பூங்காவில் ஒப்பன்சியா டில்லெனி இன்றும் காட்டு விலங்குகளின் மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமிக்கும் களையாக உள்ளது. மேற்கூறிய பூச்சிகள் தமிழகத்தில் கள்ளியை ஓரளவு அடக்கி வைத்திருப்பினும், நட்டவரின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது.

கத்தரித்து எடுத்த மடல்களை ஏரிக்கரையிலோ ஓடையிலோ மலையடிவாரத்திலோ எறிதல் கூடாது. மண்ணும் நீரும் இன்றிப் பல மாதங்கள் கிடந்த மடலும் முதல் மழையில் வேர் விடும். ஓடை நீர் அதனை வேறிடத்துக்கும் கொண்டு செல்லும். சிமெண்டுத் தளத்தில் சிறு துண்டுகளாக நறுக்கிப் பரப்பி, முற்றும் சருகாகும் வரை காயவிட்டு, பின்னர் ஆழக் குழியில் புதைக்கலாம். கனிந்த பழங்களைச் செடியில் விட்டுவைத்தால் பறவைகள் விதையைப் பரப்பும் என்பதால் அவற்றைப் பறித்துவிடுதல் வேண்டும்.

ஆடு மாடு வளர்ப்போர் முள்ளற்ற மடல்களைத் தீவனமாகவும் பயன்படுத்தலாம். முள் உள்ளவற்றை நெருப்பில் வாட்டிய பின்னரே கொடுக்க வேண்டும். மடலில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீர் என்பதாலும் புரதம் குறைவு என்பதாலும், தனித்துக் கொடுத்தால் கழிச்சல் உண்டாகும். வைக்கோல், கடலைக்கொடி போன்ற உலர் தீவனத்தோடு நறுக்கிக் கலந்து கொடுப்பதே வழக்கம்.